இரண்டு தடவை அமுக்கிய ஹோல்டு

என் கணவர் வெர்னன் எங்கள் டிராக்டர் சாமான் கடையிலேயே விழுந்து செத்தார். அடக்கம் முடிந்து கடையைத் திறந்தபோது, எல்லா ஃபோன்களிலும் மூன்றாவது லைனின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஒஹாயோவில் சாவு வீடென்றால் ஆளாளுக்குச் சீஸ் போட்ட உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து குவிப்பார்கள். அதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

அந்த லைனில் கூப்பிட்டது யாரென்று எனக்குத் தெரியும். என் மகள் ஜனெல். அப்பாவோடு பேச்சை நிறுத்தியிருந்தவள், அவர் செத்த அன்றைக்கு அவளாகவே கூப்பிட்டிருக்கிறாள். அவளே சொன்னாள்:

"'இரு'ன்னார். அவ்வளவுதான். அப்புறம் ஹோல்டுல போட்டுட்டார். காதுல ரேடியோதான்: பன்னி விலை, மழை, மறுபடி பன்னி விலை. வச்சுட்டேன். கடைசிவரைக்கும் என்னைக் காக்கத்தான் வச்சாரும்மா."

மத்தியானம் டெட்ராய்ட்டுக்குக் கிளம்புகிறாள். இனிமேல் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். கோட்டைக்கூட மாட்டிக்கொண்டுதான் கடையில் நின்றாள். தடுக்க எனக்குத் தெம்பில்லை.

ஃபோன் பழுது பார்க்கும் ட்வைட் வந்தான். "அந்தப் பக்கம் வச்சுட்டாங்கன்னு இந்தக் கிழட்டுப் பெட்டிக்குத் தெரியாது, லொரேன். ஹோல்டுல போட்டா போட்டதுதான். பிளக்கை உருவினாத்தான் விடும்."

"ஞாபகப்படுத்த மணி அடிக்குமே?"

"வீட்டுல ஒரு நச்சரிப்பு போதும்னு சொல்லி, உன் புருஷன்தான் அதை நிறுத்தச் சொன்னார்."

பல நாள் கழித்துச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

வெர்னனின் மேஜை ஃபோனில் மட்டும் அந்த விளக்கு சிமிட்டியது. ட்வைட் குனிந்து பார்த்தான். "இது தனி ஹோல்டு. ரெண்டு தடவை அமுக்கியிருக்கார்."

வாடிக்கையாளர் என்றால் ஒரு தடவைதான் அமுக்குவோம். யாரும் எந்த ஃபோனிலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தடவை அமுக்கினால், அமுக்கிய ஃபோனில் மட்டுமே எடுக்க முடியும். என் மார்புக் கட்டி பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது வெர்னன் அப்படி அமுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ட்வைட் கிடங்கிலிருந்து கத்தினான். "இங்க ரிசீவர் தொங்குது! யாரு எடுத்தா?"

எங்களில் யாரும் எடுக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கவுண்டரில் சாய்ந்து நிற்கும் ஆண்களின் காதில் விழாமல் மகளோடு பேசக் கிடங்குக்குப் போயிருக்கிறார், மடையர். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை அமுக்கியதால், அவராலேயே அங்கே எடுக்க முடியவில்லை.

"ஜனெல், அப்பா கிடங்குல ஹோஸ் பைப் அடுக்குக்கிட்ட கிடந்தார். தலை எந்தப் பக்கம் இருந்துச்சு தெரியுமா?"

"வேண்டாம்மா."

"முன்பக்கம். உன்கிட்ட பேசத்தான் மேஜைக்குத் திரும்பி வந்துட்டிருந்தார்."

அவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிமிட்டும் விளக்கின் மேல் விரலை வைத்தாள்.

"நான் வச்சிருக்கக் கூடாதும்மா."

"பன்னி விலையை யாருதான் எவ்வளவு நேரம் கேப்பா," என்றேன்.

ட்வைட் பிளக்கைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தான். தலையாட்டினேன். எல்லா விளக்குகளும் அணைந்தன. ஜனெல் கோட்டைக் கழற்றி, அப்பா கோட் மாட்டும் ஆணியில் மாட்டினாள்.