வழுக்கை நரி

2023ஆம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கைக்கு அடக்கமான விளையாட்டுக் கருவிக்காகச் செய்யப்பட்ட ‘நிலவு சுமக்கும் நத்தை’ என்னும் விளையாட்டு, மாதச் சந்தா கட்டுவோருக்காக அன்று மறுபடியும் வெளியிடப்பட்டது. அதன் முடிவில் ஓடும் பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றுகூட உண்மைப் பெயர் அன்று. நத்தையையும் நிலவையும் புள்ளி புள்ளியாக வரைந்த நிஷிவாக்கி தெய்ஜி அதில் ‘வழுக்கை நரி’. இது அநியாயம். இதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து, கியோத்தோவின் ஃபுஷிமிப் பகுதியில் உள்ள இறுதிச்சடங்குக் கூடத்தில், தெய்ஜியின் மகள் சிகுசா ஊதுபத்திக் கிண்ணத்துச் சாம்பலைச் சமன் செய்துகொண்டிருந்தாள். ஒருகாலத்தில் தெய்ஜிக்கு மேலாளராக இருந்த ஒதகிரி, அதே விளையாட்டின் சேகரிப்பாளர் பதிப்பைப் பெட்டியோடு கொண்டுவந்து தெய்ஜியின் சவப்பெட்டியின் முன்னே வைத்தார். அவருக்கு வயது எண்பத்தொன்று. குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

“இத்துனூண்டு விளையாட்டுக்கு இவ்ளோ பெரிய பெட்டியா? அண்ணன் படுத்திருக்கிறதுகூட இதைவிடக் கொஞ்சந்தான் பெருசு” என்றாள் தெய்ஜியின் தங்கை சோனொயே.

“அத்தை, சும்மா இருங்க.”

சிகுசா பெட்டியைத் திறந்தாள். பளபளப்பான தாளில் ஒரு சிறுநூல் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ‘ஓவியம்: வழுக்கை நரி’.

விளையாட்டு வெளிவந்த வாரம், மருத்துவமனையில் அப்பாவின் கட்டைவிரல்கள் பொத்தானை அழுத்த மறுத்துவிட்டன. அவர் சொல்லச் சொல்ல அவள்தான் ஆடினாள். “எடது பக்கம்… பொறு, நத்தை மூச்சு வாங்கட்டும்… இப்ப போ.” மூன்று மாலைப்பொழுதுகள் அப்படியே கழிந்தன. முடிவுக்கு வந்ததும், மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு அவர் நெருங்கிவந்து பார்த்தார். பெயர்கள் மேலே ஏறி மறைந்தன.

“மறுபடி போட முடியுமாம்மா?”

போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள்.

“எழுத்தெல்லாம் சுத்தமா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிகுசா சிறுநூலிலிருந்து நிமிர்ந்தாள். “இந்தப் பேரை யாரு வெச்சது, ஒதகிரி-சான்?”

“நான்தாம்மா. அப்பல்லாம் சொந்தப் பேரு வெளிய தெரிஞ்சா, மத்த கம்பெனிக்காரன் ஆளையே கொத்திட்டுப் போயிடுவான். அதனால எல்லாருக்கும் மாத்துப் பேருதான். உங்கப்பாவுக்கு அப்பவே முன்மண்டை காலி.”

“கல்யாணத்தன்னிக்கே காலி” என்றாள் அத்தை.

“சரி. எழுபத்தாறு வயசு நோயாளிய இப்ப எவன் கொத்திட்டுப் போகப் போறான்?” என்றாள் சிகுசா.

“அசலை அப்படியே காப்பாத்தணும்னு கம்பெனியில…”

“ஆட்டத்துல மின்னல் வெட்டுற எடத்துல வெளிச்சத்தைக் கொறைச்சிருக்காங்களே! பிள்ளைங்க கண்ணுக்கு ஆகாதுன்னு முதல்லயே எழுதிப் போட்டிருக்கு. மின்னல்ல கை வெக்கலாம், பேருல வெக்கக் கூடாதா?”

ஒதகிரி தம் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ செருப்புகளை வரிசைப்படுத்தும் ஓசை கேட்டது.

“கம்பெனி கேட்டுது” என்றார்.

“என்ன?”

“வசந்த காலத்துல ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. சொந்தப் பேரு போட யாருக்காவது விருப்பமான்னு கேட்டுச்சு. நான்தான் எல்லாருக்குமா சேத்துச் சொல்லிட்டேன். எங்க ஆளுங்க பேருக்கு அலையிறவங்க இல்ல, பழையபடியே இருக்கட்டும்னு. பெருமையாத்தான் சொன்னேன்.”

“அப்பாவைக் கேட்டீங்களா?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பான்? வேணாம்னுதான்.”

“ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பார். மூணு தடவை வேணாம்பார். நாலாவது தடவை யாராவது கேட்டிருக்கணும்.”



“நாளைக்கே கம்பெனிக்கு எழுதறேம்மா. பேரு மாத்த ஒரு தாள் இருக்கு. அவரவர் கையால கையெழுத்துப் போட்டு…” என்று தொடங்கிய ஒதகிரி, சவப்பெட்டியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அப்போது பௌத்தக் கோவில் துறவி உள்ளே வந்தார். இறந்தவருக்கு மறுமைப் பெயர் சூட்டி, அதை வெண்மரப் பலகையில் எழுதிய பிறகே இரவு வழிபாடு தொடங்கும். தூரிகையை எடுத்துவைத்துக்கொண்டு, “அப்பா எப்படிப்பட்டவர்? எதுல ஈடுபாடு? அதுக்குத் தகுந்த எழுத்தாப் பாத்து வெக்கலாம்” என்றார்.

“நிலவு வர்ற மாதிரி வெச்சா…” என்று மெல்ல இழுத்தார் ஒதகிரி.

“புதுப் பேரு வேண்டாம்” என்றாள் சிகுசா.

“பேரில்லாம எப்படிம்மா?”

“பேரு இருக்கு.”

“அடியே, அந்தப் பேரு இல்லாட்டி கோவில் கல்லறையில எடம் குடுக்க மாட்டாங்கடி! உங்கம்மா அங்க பதினாலு வருஷமா தனியாக் கெடக்கா” என்று அத்தை அவள் கையைப் பற்றினாள். சிகுசா அதை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

துறவி தூரிகையை மையில் தோய்த்தார். “கல்லறைப் பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். ஒரே ஒலிக்குப் பல எழுத்து இருக்கே, எந்த எழுத்துன்னு சொல்லு.”

அவள் அப்பாவின் சொந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். பலகை வழுக்கியது. ஒதகிரி மண்டியிட்டு, அதை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். எழுதி முடித்த பின்னும் மை காயவில்லை. அவர் பிடியை விடவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த விளையாட்டு உங்கள் கைக்கு வந்தால், இறுதிவரை ஆடுங்கள். பெயர்கள் ஏறும்போது பொத்தானை அழுத்தித் தாண்டிப் போகாதீர்கள். ‘வழுக்கை நரி’ என்னும் வரி வரும்போது, நிஷிவாக்கி தெய்ஜி என்று வாய்விட்டுப் படியுங்கள்.