எடுத்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். இரண்டு இறக்கை, இரண்டு என்ஜின், வால் முழுக்க நீலப் பெயிண்ட். எங்கள் விமானக் கம்பெனி முதன்முதலில் சொந்தமாக வாங்கிய விமானம் என்பதால் ஹேங்கரில் எல்லோரும் அவளை 'மூத்தாள்' என்று கூப்பிட்டார்கள். ஹேங்கர் என்றால் விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற பெரிய கொட்டகை. அங்கே என் வீட்டுக்காரர் மெக்கானிக். நான் பயணிகளின் டிக்கெட்டைப் பார்த்துப் பெட்டியை எடை போட்டு அனுப்புகிற கவுண்டரில் இருந்தேன்.

கல்யாணமான புதிதில் இவர் வேலை முடிந்து வந்தால் பேச்செல்லாம் அவளைப் பற்றித்தான். இன்றைக்கு இடது என்ஜினில் எண்ணெய் கசிந்தது, வலது சக்கரத்தில் பிரேக் கத்தியது என்று, ஏதோ உடம்புக்கு முடியாத உறவுக்காரியைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி சொல்வார். "அப்போ நான்தான் இளையாளா?" என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? "அவ என் பேச்சைக் கேப்பா" என்றார். அன்றைக்கு இவருக்குக் காபி கிடைக்கவில்லை.

கம்பெனி எப்படி விழுந்தது என்பதற்கு இப்போது ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். பேப்பரில் எரிபொருள் விலை என்று எழுதினார்கள். என்னைக் கேட்டால் மீன்தொட்டியிலிருந்து ஆரம்பிப்பேன். விமானத்துக்குள்ளே சீட் பெல்ட் நைந்துபோய்க் கிடக்கிறது, எங்கள் முதலாளி பெரிய மனிதர்கள் காத்திருக்கிற அறையில் சுவர் அகலத்துக்கு மீன்தொட்டி வைத்தார். எதிர்க் கவுண்டர் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். அவர்கள் இன்னும் குறைத்தார்கள். கூட்டம் அலைமோதியது, கையில் ஒன்றும் நிற்கவில்லை. போதாதென்று வாடகைக்கு விமானமாக எடுத்துத் தள்ளினார்கள். பளபளவென்று வந்து நின்றதெல்லாம் அடுத்தவன் வீட்டுப் பிள்ளை. வாடகை நின்றதும் சொந்தக்காரர்கள் அவர்களுடைய விமானிகளையே அனுப்பி ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் கவுண்டர் திரையில் எல்லா வரியிலும் 'ரத்து' என்று வந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கோபப்படக்கூட இல்லை. "அப்ப நாளைக்கு வரட்டுமாம்மா?" என்று கேட்டார். "வராதீங்கய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

மிஞ்சியவள் மூத்தாள் மட்டும்தான். சொந்த விமானம் என்பதால் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

மெக்கானிக் என்றால் எந்த விமானத்திலும் கைவைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வகைக்குப் பயிற்சி வாங்கினாரோ அந்த வகைக்குத்தான் லைசென்ஸ். இவருடையது மூத்தாள் வகைக்கு. அது பழைய வகை. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது. புது வகைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறோம் என்று கம்பெனி சொல்லிக்கொண்டே இருந்தது, மீனுக்குத்தான் தீனி போனது. தலை நரைத்த ஆளைப் புதிதாகப் பயிற்சிக்கு எடுக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு இல்லை. ஆக, அவள் பறந்தால் இவர் மெக்கானிக். அவள் போய்விட்டால் இவர் கையில் இருப்பது வெறும் அட்டை.

கடைசிக் கூட்டத்தில் எங்கள் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். "பெரிய கம்பெனி ஒண்ணு நம்மளைச் சேத்துக்கப் பேசிட்டிருக்கு. ஆனா விமானம் விட அரசாங்கம் நமக்குக் குடுத்த அனுமதி செத்துட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பறக்குற நிலைமையில ஒரு விமானமாவது இருந்தாத்தான் அனுமதி உயிரோட இருக்கும்." கூடியிருந்தவர்கள் எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவி மனுஷன், அந்தப் பார்வையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஹேங்கருக்குப் போனார். துணைக்குப் பெயிண்டர் ஒருவர்தான் மிச்சம். எங்கள் விமானங்களின் வாலுக்கு நீலம் அடித்தவர் அவர், இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். நிற்கிற விமானத்துக்கு வேலை இருக்காது என்று நினைத்தேன். பறக்கிறதைவிட அதிகம். ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடி தட்டையாகிவிடுமாம், ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். என்ஜினை அவ்வப்போது ஓடவிட வேண்டும். ஓட்டை கண்ட இடத்தில் குருவி கூடு கட்டும். நான் சாப்பாட்டுக் கேரியரோடு போகும்போதெல்லாம் இவர் எங்காவது அவள் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். "என் கால் பிடிச்சுவிட இப்படி ஒருநாள் படுத்திருப்பீங்களா?" என்று கேட்பேன். உள்ளேயிருந்து ஸ்பேனர் சத்தம்தான் பதிலாக வரும்.

பெரிய தொல்லை அவளிடம் இல்லாததுதான். கம்பெனி ஆட்டம் கண்ட நாளில், ஒரு விமானம் கிளம்ப ஏதாவது உறுப்பு குறைந்தால், நிற்கிற இன்னொன்றிலிருந்து கழற்றிப் போட்டு அனுப்புவார்கள். மூத்தாள்தான் அதிகம் கொடுத்தாள். அவளிடமிருந்து எடுத்ததெல்லாம், வாடகைக்கு எடுத்திருந்த அதே வகைப் பழைய விமானம் ஒன்றைச் சொந்தக்காரன் ஓட்டிக்கொண்டு போனபோது, அதோடு போய்விட்டது. ஹேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைக் கழற்றினால், எடுத்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆளுக்கு அது சொல்கிற சேதி: இங்கே இருந்தது போயிருக்கிறது, திரும்ப வரும், அதுவரை இவளைக் கிளப்பாதே. கம்பெனி நின்றபோது மூத்தாள் உடம்பெல்லாம் சிவப்பாக இருந்தது.

இவர் ஒவ்வொரு உறுப்புக்கும் அலைந்தார். மற்ற கம்பெனி மெக்கானிக்குகளிடம் கெஞ்சினார், பழைய இரும்பு வாங்குகிற இடங்களில் தேடினார், தூர தேசத்தில் இருந்த பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டார். வாயைத் திறந்து ஒரு பொருளை இரவல் கேட்கத் தெரியாத மனிதர். பக்கத்து வீட்டு ஏணியைக் கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவார். ஒன்று கிடைத்துப் பொருத்திவிட்டால் அங்கே கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவார். துவைக்கும்போது சட்டைப் பையில் சிவப்பு தட்டுப்பட்டால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். அலசிக் காயவைத்து, மடித்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். சக்களத்திக்குத் துணி துவைத்துப் போட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெளியூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் போனில் சண்டை போட்டாள். அவளுக்குத் தெரிந்த லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்க்க அனுபவஸ்தர் தேவைப்பட்டது. "அப்பாவ நாளைக்கே வரச் சொல்றாங்கம்மா. இதை விட்டா இந்த வயசுல யார் கூப்பிடுவா?"

இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "லிஃப்ட் மேலயும் கீழயும்தான் போகும்" என்றார்.

"உங்க மூத்தாள் அதுகூடப் போகலையே."

"போவா. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நான் போயிட்டா சக்கரத்தை யார் திருப்புறது? அனுமதி போயிடும். இத்தனை பேர் நம்பிட்டிருக்காங்க."

அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள்.

கடைசிச் சிவப்புத் துணியும் என் டப்பாவுக்கு வந்த பிறகுதான் பெரிய கம்பெனியின் ஆட்கள் பார்வையிட வந்தார்கள். இவர் முகச்சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டார். பெயிண்டர் வாலைத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார். வந்தவர்களில் கோட் போட்ட ஒருவர் மூத்தாளைச் சுற்றி ஒரு நடை நடந்தார், இரண்டு போட்டோ எடுத்தார், அரசாங்க அதிகாரி ஒருவர் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான். என்ஜினை ஓடவிட்டுக் காட்டட்டுமா என்று இவர் கேட்டதற்கு, "பரவாயில்லைங்க" என்றார்கள்.

பிறகு அந்தக் கோட்டுக்காரர் ஹேங்கர் ஓரமாக நின்றிருந்த என்னிடம் வந்தார். கவுண்டர் வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பெரிய விமான நிலையத்தில் எங்கள் கம்பெனிக்கு இறங்கவும் ஏறவும் ஒதுக்கியிருந்த நேரங்களைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். காலை முதல் விமானத்துக்கான நேரம் உங்களுடையதுதானா, சாயங்கால நெரிசல் நேரத்திலும் உங்களுக்கு இடம் உண்டா என்று. அந்த நேரங்களுக்காக எத்தனையோ கம்பெனிகள் தவம் கிடப்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"ஏங்க, அவங்க கண்ணு உங்க விமானத்து மேல இல்ல. அந்த நேரத்து மேலதான். அனுமதி உயிரோட இருந்தாத்தான் அந்த நேரம் கைமாறும். அதுக்குத்தான் இவ வேணும்."

"உனக்கு அவளைப் பிடிக்காது."

"பிடிக்காதுதான். அதுக்காகப் பொய் சொல்வேனா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அன்று இரண்டு பேரும் பட்டினி. என் கணக்கு தப்பாகப் போகட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். இவரிடம் தோற்றுப்போக அவ்வளவு ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டது என்று செய்தி வந்தது. பெயிண்டர் ஓடிவந்து சொன்னார். மறுநாள் கோட்டுக்காரர் இவரை ஹேங்கருக்கு வரச்சொன்னார். பெயிண்டர் கூடவே போயிருந்தார், அங்கே நடந்ததை அவர்தான் என்னிடம் சொன்னார். இவரால் சொல்ல முடியவில்லை.

கோட்டுக்காரர் நல்ல மனிதர்தானாம். கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க இதைப் பறக்குற நிலைமையில வெச்சிருந்ததாலதான் எல்லாம் முறைப்படி முடிஞ்சது. ரொம்ப நன்றி" என்றிருக்கிறார்.

இவர், "எப்ப சார் பறக்குறா?" என்று கேட்டிருக்கிறார்.

"இது பறக்காதுங்க. எங்ககிட்ட இருக்கறதெல்லாம் புது வகை. இதைப் பாகம் பாகமாக் கழட்டி அனுப்பப்போறோம். எல்லா உறுப்பும் நல்ல நிலைமையில இருக்கே, வெளிய நிறையப் பேர் கேக்கறாங்க." அப்புறம், "கழட்டுறதுக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் யாரு இருக்காங்க? அதுவரைக்கும் வேலை தர்றோம்" என்றிருக்கிறார். அதன் பிறகு என்ன வேலை என்று இவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். 'நான் அப்பவே சொன்னேன்' என்கிற வார்த்தை என் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும். அன்றைக்குத் தேடிப் பார்த்தாலும் அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க போக வேணாங்க" என்றேன். "யாரோ கழட்டிக்கட்டும்."

"யாரோன்னா சுத்தியல எடுத்துட்டு வருவாங்க." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "அந்தப் பிஸ்கட் டப்பா எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார்.

கழற்றுகிற வேலை ஆரம்பித்த அன்று நானும் கேரியரையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கூடவே போனேன். வழக்கம்போல முதலில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் திருப்பி வைத்தார். பெயிண்டர் வாயைத் திறந்தார், நான் கண்ணைக் காட்டினேன், மூடிக்கொண்டார். அப்புறம்தான் முதல் மூடியைத் திறந்தார். அலைந்து திரிந்து வாங்கி வந்த ஒவ்வொன்றையும், பொருத்திய அதே கையால், ஒரு கீறல் விழாமல் கழற்றிப் பெட்டியில் வைத்தார். எடுத்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினார். நான் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மேற்பார்வைக்கு வந்த கோட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இது எதுக்குங்க? திரும்ப வரப்போறதில்லையே" என்று மெதுவாகக் கேட்டார்.

"எடுத்தா கட்டணும் சார்" என்றார் இவர், திரும்பிப் பார்க்காமல். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

நாட்கள் போனது தெரியவில்லை. மூத்தாள் மறுபடியும் கம்பெனி நின்ற நாளில் இருந்த மாதிரி சிவப்பாகிவிட்டாள். அப்போது எடுத்தது அங்கங்கேதான், இந்தத் தடவை எல்லாமே. டப்பாவில் இருந்த துணிகள் எப்படிப் போதும்? இடது என்ஜினை இறக்கிய பிறகு, அது தொங்கிய இடத்தில் குழாய்களும் கம்பிகளும் நீட்டிக்கொண்டு நின்றன. இவர் பின்னால் கையை நீட்டினார். நான் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன்.

இவர் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றார். கம்பெனி விழுந்தபோது அழாதவர், வாசல்படியில் உட்கார்ந்தபோதும் அழாதவர், "துணி தீந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தனை வருஷத்தில் நான் அவளைத் தொட்டதே இல்லை. வேலைக்காக நிறுத்தியிருந்த படியில் ஏறிப் போய், என்ஜின் இருந்த அந்த வெற்றிடத்தில் என் கையை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. கையை எடுக்காமல் நின்றேன்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "கையை எடு" என்றார். "கிரீஸ் ஒட்டும்."

"ஒட்டட்டும். நீங்க அடுத்ததைப் பாருங்க" என்றேன்.