முனையில்லாத முடிச்சு

மூன்று மணிக்கு அண்ணை கடலுக்குப் போவார். போனும் அவரோடு போய்விடும். அதற்குள் என் விடையை அனுப்ப வேண்டும்.

உடுவிலில் இருக்கும் ஆரபி அக்கா இணையத்தில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். இடத்தியல் குவாண்டம் புலக் கோட்பாட்டைப் படிக்க எந்தக் குறிப்பை முதலில் வாசிப்பது, எந்த விரிவுரையை அடுத்துப் பார்ப்பது என்று எல்லாம் அதில் உண்டு. ஒரு வடிவத்தை எப்படி இழுத்தாலும் நெளித்தாலும் மாறாமல் நிற்பது எது என்று தேடும் படிப்பு அது. எட்டு மாதமாக அந்தப் பட்டியலைப் பின்பற்றிக் கொப்பிகளை நிரப்புகிறேன். பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் என்று அவருக்குத் தெரியாது. வீட்டிலோ, பின்னல் வேலைப் படம் பார்ப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இனிச் சனிக்கிழமை பின்னேரங்களில் எட்டுப் பேருக்கு அவர் இணையத்தில் வகுப்பு எடுக்கப் போகிறார். ஓரிடம்தான் மிச்சம். இன்று நான்கு மணிக்குள் ஒரு கேள்விக்குச் சரியான விடை அனுப்பினால் அது கிடைக்கும்.

கேள்வியில் ஒரு முடிச்சின் படம். மூன்று இடங்களில் கயிறு தன்னையே கடந்து போகிறது. 'வெட்டாமல் இதை வெறும் வளையமாக்க முடியுமா? காரணம் தருக.'

குருநகரில் கிழிந்த வலை பொத்துகிற வீட்டுப் பிள்ளைக்கு இதுவும் ஒரு கேள்வியா? நைலோன் நூலில் அதே முடிச்சைப் போட்டேன். ஒரு முனையைப் பின்னால் தள்ளி இழுக்க அவிழ்ந்தது. 'முடியும்' என்று எழுதினேன்.

"என்னடி, பின்னல் படமோ?"

லெனாட் அண்ணை பின்னால் நின்றார். கொப்பியை மூடினேன். போனை மறைக்க நேரமில்லை.

"உது ஆர் போட்ட முடிச்சு? முனையைக் காணேல்லை. அம்மா, உங்கடை மகள் முனையில்லாத முடிச்சுப் பழகிறாள்."

"நீ போட்டா முடிச்சே நிக்காது. அவளை விடு," என்றா அம்மா, வலையிலிருந்து தலை நிமிராமல்.

போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். படத்தில் உண்மையிலேயே முனை இல்லை. கயிற்றின் இரு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. எங்கள் வீட்டில் முனையில்லாத நூலே கிடையாது என்பதால், என் கண் தானாகவே முனையைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது.

இரண்டு இருபத்தைந்து. திரும்ப முடிச்சைப் போட்டு, இரு முனைகளையும் லைற்றரில் சுட்டு ஒட்டினேன். விரலும் சுட்டது. இழுத்தேன், புரட்டினேன். அவிழவில்லை. ஆனால் 'எனக்கு அவிழவில்லை' என்பது காரணமாகாது. என்னைவிடக் கெட்டிக்காரர் அவிழ்க்கலாம்.

கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். பட்டியலின் இரண்டாவது குறிப்பு, மூன்று நிற விதி. நூல் அடியால் போகும் இடத்தில் நிறம் மாறலாம். அங்கே மூன்று நிறங்களும் சந்திக்க வேண்டும், அல்லது ஒரே நிறம் இருக்க வேண்டும். அப்படி மூன்று நிறமும் தீட்டக்கூடிய முடிச்சை எவ்வளவு நெளித்தாலும் அந்தக் குணம் போகாது. வெறும் வளையத்துக்கோ ஒரு நிறம்தான்.

பச்சை, நீலம், செம்மஞ்சள். மூன்று இடத்திலும் மூன்றும் சந்தித்தன. 'முடியும்' என்பதை வெட்டி 'முடியாது' என்று எழுதினேன். காரணத்தைக் கீழே எழுதினேன்.

"போனைத் தா பிள்ளை. மூண்டாகுது."

பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணை கையை நீட்டினார்.

"பொறுங்கோ."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. வட்டம் நின்றது. விடை போய்விட்டது. போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"அவிழாதோ? ஆர் சொன்னது?"

"நான்."

அண்ணை அவிழ்க்காத முடிச்சில்லை என்று கரையில் பெயர். ஒட்டிய முடிச்சை எடுத்துச் சேட்டுப் பைக்குள் போட்டார்.

"நாளைக்கு வாறதுக்கிடையிலை அவிழ்த்தனெண்டா இனி உனக்குப் போன் இல்லை. அவிழாட்டிச் சனிக்கிழமையளிலை உன்ரை."

மறுநாள் ஞாயிறு பூசை என்பதால் சனி பின்னேரம் அவர் கடலுக்குப் போவதில்லை, போன் வீட்டில் கிடக்கும்.

"வெட்டக் கூடாது," என்றேன். "சுட்ட இடத்தைப் பிரிக்கவும் கூடாது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தார். கை கழுவினார். தேத்தண்ணி குடித்தார். அந்த மூன்று இடங்களில் எங்கே பிழை விட்டேன் என்று மனதுக்குள் தேடிக்கொண்டு நின்றேன்.

முடிச்சை மேசையில் வைத்தார். உப்பு ஊறி இறுகியிருந்தது. பல் பட்ட அடையாளங்கள். சுட்ட இடத்தை நகத்தால் தடவினேன். பிரியவில்லை.

"என்னோடை வள்ளத்திலை வாற எமில்ராஜும் அவிழ்த்துப் பாத்தவன். உதாலை அரைவாசி மீன் போச்சு."

போனைப் பக்கத்தில் வைத்தார். ஆரபி அக்காவின் பதில் வந்திருந்தது: 'சரியான காரணம். சனி நான்கு மணிக்கு வாருங்கள்.'

நான் கையை நீட்ட, அண்ணை போனின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஏன் அவிழேல்லை எண்டு சொல்லிப்போட்டு எடு."

அம்மாவின் நூல் பெட்டியிலிருந்து முதலில் பச்சை நூலை எடுத்தேன்.