படம் எடுத்தவர் நின்ற இடம்

ஆடு பகை, குட்டி உறவு என்பார்கள். அம்மாவும் அவள் அண்ணனும் முப்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. நானும் மாமா மகளும் தினமும் போனில் அரட்டை. அம்மா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதில் வந்த பகை அது. இப்போது மாமா ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை இதய ஆபரேஷன். அதற்குள் அம்மா ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நாங்கள் இருவரும் தவிக்கிறோம். "அவன் வந்து கூப்பிடட்டும்" என்கிறாள் அம்மா. நெஞ்சில் ஒயரோடு கிடப்பவர் எங்கே வந்து கூப்பிடுவது!

மாமாவின் அலமாரியைக் குடைந்த மாமா மகள், ஒரு கவரில் நான்கு பழைய படங்களைக் கொடுத்தனுப்பினாள். நான்கிலும் ஒரே காட்சி. தெருவில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்து அம்மா தலை சீவுகிறாள். எனக்கு நாலு வயதிருக்கும். நான் பார்த்தே இராத மாமாவிடம் என் படம் எப்படி?

"இது எந்த இடம்மா?"

"யாருக்குத் தெரியும்? அடுப்புல வேலை கிடக்கு."

அவள் முகத்தைத் திருப்பிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சர்வேயர். ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிறவளுக்கு ஒரு தெரு எம்மாத்திரம்! படத்தின் ஓரத்தில் பிளஸ் குறி போட்ட மருந்துக்கடைப் பலகை, அதற்கு முன்னால் கோணலாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அதை வைத்து, நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டுத் தெருவைப் பிடித்துவிட்டேன். ஆனால் தெருவில் நின்று பார்த்தால் காட்சி பொருந்தவில்லை. படத்தில் எங்கள் உச்சந்தலை தெரிகிறது. எடுத்தவர் உயரத்தில் இருந்திருக்கிறார்.

எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். இப்போது அங்கே தையல் கடை. தையல்காரம்மா மெஷினை நகர்த்தி ஜன்னலருகே இடம் விட்டார். படத்தை நீட்டிப் பிடித்தேன். படத்தில் தொட்டி பலகையை எங்கே மறைக்கிறதோ, நேரிலும் அங்கேயே மறைத்தது.

"இங்க முன்னாடி யாரு இருந்தாங்க?"

"கேமரா ரிப்பேர்காரர் ஒருத்தர். கடைத்தெருவுல நல்லா ஓடின கடையை விட்டுட்டு, ஈ காக்கா ஏறாத இந்த மாடிக்கு வந்தாராம். எங்க ஓனர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்."

மாமாவின் தொழில் அதுதான். இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா அசரவில்லை.

"ரிப்பேர் பண்ணின கேமராவுல ஜன்னல் வழியா படம் எடுத்துப் பாத்திருப்பான். அது அவன் தொழில். இதுல பாசம் எங்க வந்துச்சு?"

அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். நானும் விடவில்லை. "லென்ஸைச் சோதிக்கிறவர் பலகை எழுத்தைத்தானே பாப்பார்? அதுல ஒரு எழுத்துகூடத் தெரியல. உன் முகந்தான் தெளிவா இருக்கு, பாரு."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கையும் பார்த்தாள். பிறகு கவருக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"நாலுதானா? வெயில், குளிர் பாக்காம தினமும்ல உன்னைத் தெருவுக்கு இழுத்துட்டுப் போய்ச் சீவினேன்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முழுப் பூசணிக்காயை இத்தனை வருடம் சோற்றில் மறைத்திருக்கிறாள்! நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஒரு நாளாவது கேமராவை இறக்கிட்டு மூஞ்சியைக் காட்டினியாண்ணே?"

மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கதவை என்னைக்காவது சாத்தினேனா? நீதான் மூணு மாடி ஏறி வரல."

நர்ஸ் ஓடிவந்தாள். "பேஷன்ட் பேசக் கூடாதும்மா."

"முப்பது வருஷம் பேசாம இருந்தது போதாதா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அம்மா.