அம்மாவுக்கு எழுபத்தொன்பது

தேவாலயக் கோபுரத்தின் அடியில் நின்று மணிக்கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள் ஹெஸ்டர். சணல் இப்போதே உள்ளங்கையை அறுத்தது.

"இன்னும் கொஞ்சம் மேல பிடிங்கம்மா," என்றார் ஆஸ்பரி. முப்பது வருஷமாக இங்கே மணி அடிப்பவரும் குழி வெட்டுபவரும் அவர்தான். "இழுத்து விட்டுடணும். கடைசி அடி விழுந்ததும் இறுக்கிப் பிடிச்சு நிறுத்திடுங்க. கோட்டை விட்டீங்கன்னா அது பாட்டுக்கு இன்னொண்ணு அடிச்சுடும்."

"நீங்களே அடிச்சுக் கொடுத்திருக்கலாம்."

"எண்பத்தாறுன்னா இப்பவே அடிக்கிறேன். புதைக்கிற அனுமதிச் சீட்டைப் பார்த்தவன் நான். எழுபத்தொன்பதுன்னா அது உங்க பாடு. நான் வெளிய போய் இலை கூட்டுறேன்."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

இந்த ஊர்த் தேவாலயத்தில் சவப்பெட்டி வாசலுக்கு வந்ததும் இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை முறை மணி அடிக்கும். ஓடையில் நண்டு பிடிப்பவர்கள் படகின் மோட்டாரை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். தபால் நிலையத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். வயதை மறைத்தவர் எவரும் இங்கே நிம்மதியாகச் சாக முடியாது.

ஹெஸ்டரின் அம்மா அகஸ்டா மறைத்திருந்தாள். கணவனைவிட மூன்று வயது மூத்தவள் என்று தெரிந்தால் தேவாலயத்தில் ஐந்து தலைமுறையாகக் கதவு வைத்த ஒரே பெட்டி இருக்கையில் உட்கார்ந்த அவன் குடும்பம் முகத்தைச் சுளிக்கும். வேறு மாவட்டத்துப் பெண், கேட்க ஆளில்லை. ஒரேயடியாக ஏழு வயதைக் குறைத்துக்கொண்டாள். கல்லறைக் கல்லில் பேர் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மணியை மட்டும் சரிக்கட்ட முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, உதட்டுச்சாயம் பூசிவிடச் சொன்ன பிறகு, மகளின் கையைப் பிடித்தாள். "எழுபத்தொன்பது. ஒண்ணு கூடக் கூடாது. லெட்டீஸ் நின்னு எண்ணுவா. அவகிட்ட மட்டும் நான் மாட்டிக்க மாட்டேன்."

லெட்டீஸ் அப்பாவின் தங்கை. போன மாதம் எண்பது முடிந்தது. "பெரியவங்க நீங்க உக்காருங்க" என்று அகஸ்டா நாற்காலி இழுத்துப் போடும்போதெல்லாம் லெட்டீஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சிப்பி விருந்தில் ஊரே பார்க்க அப்படிச் சொன்னதிலிருந்து, இருபது வருஷமாகக் கோயிலில் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

சவப்பெட்டி வாசலுக்கு வந்தது. ஹெஸ்டர் இழுத்தாள்.

வாய்விட்டு எண்ணினாள். ஐம்பத்தெட்டு வந்தபோது, என் வயசு என்று நினைத்துக்கொண்டாள். எழுபதுக்கு மேல் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. எழுபத்தேழு. எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. அவ்வளவுதான், இனி அம்மாவுக்குச் செய்ய எதுவும் பாக்கியில்லை என்று தோன்றியதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் கயிறு கையை விட்டு மேலே போனது.

எண்பது.

தாவிப் பிடித்து நிறுத்தினாள். வெளியே துடைப்பச் சத்தமும் நின்றிருந்தது.

கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டேன் என்று நொந்துகொண்டே குடும்ப இருக்கையில் போய் உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு லெட்டீஸ் வந்தாள். சின்னக் கதவுக்கு மேலாகக் குனிந்தாள்.

"எண்பது! கையுறையைக் கழட்டிட்டு விரல் விட்டு எண்ணினேன்டி."

ஹெஸ்டர் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"என் வயசு! என் வயசேதான்! என்னைப் போய்ப் பெரியவங்கன்னு நாற்காலி போட்டாளே, திருடி! எனக்கு அப்பவே சந்தேகம்." லெட்டீஸ் சிரித்தாள். சிரித்த வாய் கோணியது. "ஒரே ஒரு வருஷத்துக்கா இத்தனை பாடு? சொல்லியிருந்தா நானே ஒண்ணைக் குறைச்சுக்கிட்டிருப்பேனே. உனக்குத் தெரியுமா?"

"எழுபத்தொன்பது இல்லைன்னு தெரியும் அத்தை. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? தள்ளி உக்காரு."

கதவைத் திறந்து உள்ளே வந்தாள். அகஸ்டாவின் மூலையில், அகஸ்டாவின் மெத்தையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கைப்பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"எண்பது வயசுக்கு அவ நல்லாத்தான் இருந்தா, இல்ல?"

"ரொம்ப நல்லா இருந்தாங்க அத்தை."

ஹெஸ்டர் சிவந்துபோன உள்ளங்கைகளை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். பின்னால் தேவாலயத்தின் பெரிய கதவு திறந்தது. சவப்பெட்டி உள்ளே வர எல்லோரும் எழுந்தார்கள். அத்தையைத் தாங்கி எழுப்ப ஹெஸ்டர் கையை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றாள் லெட்டீஸ். கைத்தடியைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.