தலைவரின் சிரட்டை

ஓர் ஊரின் இதயம் அதன் தலைவனுடைய நெஞ்சுக்குள்தான் துடிக்கிறது; அது நின்றால் ஊரே நின்றுவிடும். இது நசவுலு என்ற தீவு ஊரின் தலைவர் ராத்து ஏமோரியின் அசைக்க முடியாத கொள்கை. அந்த நெஞ்சு போன வருடம் முழுக்கத் தாளம் தப்பி நொண்டிக்கொண்டிருந்தது. அப்போதும் நசவுலு ஊர் சேப்பங்கிழங்கு நட்டது, வலை வீசியது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நாலு குரலிலும் பிசகில்லாமல் பாடியது.

கடைசியில், சாலை போடுவதைப் பற்றிப் பேச வந்த அதிகாரிகள் முன்னால் உரையாற்றிக்கொண்டிருந்தவர், "எங்கள் மூதாதையர்" என்ற இடத்தில் அப்படியே மடங்கி விழுந்தார். அதுவும் உரையில் ஒரு பகுதி என்று நினைத்து அதிகாரிகள் கைதட்டினார்கள். அவர் மனைவி வாசிசேவா மட்டும்தான் ஓடிவந்தாள்.

ஊர்ப் படகின் இயந்திரம் அன்றைக்குப் பார்த்துக் கிளம்பவில்லை. கரையோரமாக மீன்படகில் போய்க்கொண்டிருந்த பௌலியாசியைத்தான் கூவி அழைக்க வேண்டியிருந்தது. அவன் அக்கரை ஊர்க்காரன். ராத்து பதினோரு வருடத்துக்கு முன் சபை நடுவில் எழுந்து நின்று "நண்டுத் திருடன்" என்று பட்டம் சூட்டிய அதே பௌலியாசி. அவன் அன்றைய மீனையெல்லாம் கடலில் கொட்டி இடம் பண்ணினான். மீனுக்கு வைத்திருந்த பனிக்கட்டியை ராத்துவின் நெற்றியில் வைத்தான். நாலு மணி நேரம் அலையில் ஓட்டி சுவா ஆசுபத்திரியில் சேர்த்தான். அதோடு போகாமல் மூன்று நாள் வராந்தா பெஞ்சிலேயே கிடந்தான்.

சிட்னியிலிருந்து வந்திருந்த மருத்துவக் குழு தொடை இடுக்கு வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை செலுத்தி, தாளம் கெடுத்த இடங்களைப் பொட்டுப் பொட்டாகச் சுட்டது. கண் விழித்த ராத்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். கடிகாரம்போல் அடித்தது. அழுதுவிட்டார். மயக்க மருந்தின் வேலை என்று பிறகு விளக்கம் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சந்திரிகா ஒரு தாளை வாசித்தார்.

"மூணு மாசம் யங்கோனா வேர்ச்சாறு கிடையாது, பீர் கிடையாது. உப்பு கம்மி. டின் மாட்டிறைச்சிய மறந்துடுங்க. சுட்ட இடத்துக்குப் பின்னாடியே உணவுக்குழாய் இருக்கு, அதனால ரெண்டு வாரத்துக்கு எதையும் சூடா விழுங்காதீங்க. தேநீர் வேணும்னா லேசா, ஆற வச்சு, நாளைக்கு ஒண்ணு. உங்க எடைக்கு சர்க்கரை ஒரு கரண்டிதான்."

"நான் தலைவன். நான் குடிக்காம ஊர்ல ஒருத்தரும் யங்கோனா குடிக்க முடியாது" என்றார் ராத்து.

"அப்ப ஊருக்கே நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர்.

திரும்பி வந்த ராத்து மாறித்தான் இருந்தார். விடிந்ததும் நெஞ்சில் கை வைத்து எண்ணுவார். உப்பில்லாத கிழங்கின் முன் உட்கார்ந்து அவர் சொன்ன ஜெபம், வாழ்நாளில் முதன்முறையாக, சுருக்கமாகவும் உண்மையாகவும் இருந்தது. ஆனால் பௌலியாசிக்கு முறைப்படி நன்றி சொல்ல வேண்டுமே. சனிக்கிழமை மதியம் அக்கரையாரைச் சபை வீட்டுக்கு அழைத்தார். நன்றி என்றால் யங்கோனா வேரைக் கரைத்து, தலைவர் முதல் சிரட்டை குடித்து, பிறகு விருந்தாளி குடிக்க வேண்டும். முதல் சிரட்டை இல்லையென்றால் நன்றியும் இல்லை. குடித்தால் டாக்டர் சுட்டதெல்லாம் வீண். குடிக்காவிட்டால் உயிர் கொடுத்தவனுக்கு இரண்டாவது அவமானம்.

"ஆமா, நான் சுவாவுல கிடந்த மூணு வாரம் இங்க என்னதான் பண்ணீங்க? தாகத்தோட உக்காந்திருந்தீங்களா?" என்று கேட்டார், தம் பேச்சாளர் சகியுசாவை.

சகியுசா தொண்டையைக் கனைத்தான். "நீங்க உக்கார்ற பாய்க்கு முன்னாடி ஒரு சிரட்டை வச்சோம், ராத்து. பாய் ஆட்சேபணை ஒண்ணும் சொல்லல."

ராத்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"பால் கலந்த தேநீர ஆற வச்சா அச்சு அசலா யங்கோனா நிறம்" என்றாள் வாசிசேவா. "சிரட்டையில ஊத்தினா எவனுக்குத் தெரியப் போகுது?"

"தலைவனுக்குப் பொய்ச் சிரட்டையா?"

"போன மாசம் வரைக்கும் நெஞ்சே பொய்தானே அடிச்சுது ராத்து, அதுக்கு வெக்கப்பட்டீங்களா?"

சனிக்கிழமை ராத்து இஸ்திரி போட்ட சுலு வேட்டி உடுத்தி, ஒன்பது பக்க உரையை மடித்து வைத்துக்கொண்டார். அதில் மூதாதையர் நாலு பக்கம், ஊரின் இதயம் மூன்று பக்கம், பௌலியாசி அரைப் பக்கம் இருந்தார்கள். நண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கிளம்புமுன், உரையைத் தனிமையில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று, வாசிசேவா தேநீரை ஆற வைத்திருந்த சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலுகால் மரத்தொட்டியில் யங்கோனா கரைந்தது. தலைவரின் சிரட்டையை மட்டும் சகியுசா தனியாக, முதுகால் மறைத்தபடி நிரப்பிக் கொண்டுவந்தான். ராத்து கைகுவித்துத் தட்டி, வாங்கி, பாதி குடித்தார். எதிரே பௌலியாசி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் உள்ளங்கையில் இன்னும் கயிறு அறுத்த தழும்பு. அன்றைக்கு அலையில் படகு தூக்கிப் போட்டபோது ஒரு கையால் ராத்துவின் சட்டையைப் பிடித்து, மறு கையால் கயிற்றைப் பிடித்திருந்தவன்.

ராத்து அந்தத் தழும்பையே பார்த்தார். உரை மறந்தது. கூடவே மற்றதும் மறந்தது. எந்தத் தலைவனும் செய்யாததைச் செய்தார்: தம் சிரட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பௌலியாசி, மிச்சத்த நீ குடி. இது என் சிரட்டை. இதுவரைக்கும் வேற யார் வாயும் பட்டதில்ல."

சகியுசா கண்ணை மூடிக்கொண்டான். சிரட்டையில் இருப்பது தேநீர் என்பது அப்போதுதான் ராத்துவுக்கும் நினைவு வந்தது. ஆனால் நீட்டிய கையை மடக்க முடியுமா?

பௌலியாசி வாங்கி ஒரே மடக்கில் குடித்தான். அவன் கன்னம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. சிரட்டையை வைத்தான். வழக்கப்படி மூன்று முறை கைதட்டினான்.

"ராத்து, ஒண்ணு சொல்லட்டுமா? உங்களக் கூட்டிப்போகப் படகோட வந்தேன்ல, டாக்டரம்மா தாள் வாசிச்சப்ப நான் கதவுக்கு வெளியதான் நின்னேன். இன்னிக்கு நீங்க நிஜ யங்கோனா குடிச்சா எந்திரிச்சுப் போயிடறதுன்னு நினைச்சுத்தான் வந்தேன். இந்தப் பாயில விழுந்து சாகறதுக்கா அவ்வளவு மீனக் கொட்டினேன்?"

ராத்து ஒன்பது பக்கத்தையும் பாய்க்கு அடியில் தள்ளினார்.

"தேநீர்தான். எல்லாரும் கேட்டுக்குங்க, தேநீர்தான். மூணு மாசத்துக்கும் தேநீர்தான்." குரல் நடுங்கியது. இந்தத் தடவை மயக்க மருந்தைச் சொல்ல வழியில்லை. "பௌலியாசி, அந்த நண்டு உன் வலையில விழுந்தது. உன்னுதுதான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும் ராத்து. நல்ல நண்டு."

முதலில் சிரித்தவள் வாசிசேவா. பிறகு சபை வீட்டுக் கூரை அதிர்ந்தது. யங்கோனா சுற்று வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ராத்துவின் சிரட்டையில் தண்ணீர் வந்தது, எல்லாரும் பார்க்க, மறைக்காமல். ராத்து நெஞ்சில் ஒரு கையை வைத்தபடியே குடித்தார். அது பாட்டுக்கு ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் எதிரே இருந்தவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

விருந்தாளிகள் படகேறிய பிறகு வாசிசேவா தேநீர்க் குவளையைக் கழுவ எடுத்தாள். விளிம்பெல்லாம் எறும்பு. அடியில் கரையாத சர்க்கரை அரை விரல் உயரத்துக்கு நின்றது.

அவள் போட்டது ஒரு கரண்டி.