கிணற்றில் வெட்டிய ஐந்து வருடங்கள்

பிரபாவதி விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். திண்டிவனம் வட்டாரத்தில் நூற்றிருபது ஆண்டுகளில் நீண்ட வறட்சி எத்தனை முறை வந்தது, எத்தனை காலம் நீடித்தது என்று கணக்கிட்டுத் தரும் வேலை அவளிடம் வந்திருந்தது. பழைய மழைப் பதிவேடுகளைப் படம் எடுத்து, மாதவாரியாகக் கணினியில் ஏற்றுவதிலேயே கோடை விடுமுறை முழுவதும் போய்விட்டது.

கணக்கு எளியதுதான். ஒவ்வொரு மாதத்துக்கும் அதற்கு முந்தைய முப்பத்தாறு மாத மழையைக் கூட்டி, அந்தத் தொகை வழக்கத்தைவிட எவ்வளவு குறைவு என்று பார்க்க வேண்டும். குறையக் குறைய, வரைபடத்தில் கோடு இறங்கும். அந்தக் கோடு 1904 கடைசியில் இறங்க ஆரம்பித்து, 1909 வரை மேலே வரவே இல்லை.

துறைத்தலைவர் சுப்பராயலு அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

“1906 அக்டோபர்ல ஒரே வாரத்துல பதினாறு அங்குலம் பெஞ்சிருக்கும்மா. அதோட வறட்சி முடிஞ்சிது. உன் கோடு இன்னும் மூணு வருஷம் கீழயே கெடக்குது. எங்கயோ தப்பு இருக்கு. ரெண்டு வருஷம்னு போட்டு முடிச்சிடு.”

மூன்று முறை திரும்பப் போட்டாள். கோடு அசையவில்லை. ஆனால் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. பதினாறு அங்குல மழை என்றால் ஏரி உடைந்திருக்கும். அதற்குப் பிறகுமா வறட்சி?

வகுப்பில் இதைச் சொன்னபோது, கிளியனூரிலிருந்து வரும் மாணவி கலைப்பிரியா எழுந்தாள்.

“மேடம், எங்க கெணத்துல அடியில பாறையில வருஷம் வெட்டியிருக்கும். தண்ணி இருந்தா தெரியாது. இப்ப தூர் வாரிக்கினு இருக்காங்க. நீங்க வர்றீங்களா?”

மறுநாளே பேருந்து ஏறினாள். கலைப்பிரியாவின் வீட்டு மல்லாட்டைக் கொல்லையின், நிலக்கடலைக் காட்டின், நடுவில் இருந்தது அந்தக் கிணறு. குளம் போல அகலம். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, ஏழெட்டுப் பேர் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதி ஆழம் வரை கல் படிகள். அதற்குக் கீழே இரும்பு ஏணி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அடியில் சேறு அள்ளிக்கொண்டிருந்த சவுரியம்மாள் அவள் காலைப் பிடித்து ஏணிப்படியில் வைத்துவிட்டாள்.

“பாத்து மேடம், பாசி வழுக்கும். எழுத்துதான பாக்கணும்? அதோ, மேல ஒண்ணு கீது பாருங்க.”

சவுரியம்மாள் ஏணியில் சில படி ஏறி, ஈரத் துணியால் பாறையை அழுத்தித் துடைத்தாள். 1905. உளியால் விரல் ஆழத்துக்கு வெட்டிய எண்கள். அந்தக் கோடையில் தோண்டி நிறுத்திய மட்டம் அது. அதற்கு நாலடி கீழே 1906.

பிரபாவதி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அடைமழை பெய்தது 1906 அக்டோபரில். வறட்சி அதோடு முடிந்திருந்தால், அதற்கு அடுத்த கோடையில் யாரும் பாறையை உடைத்திருக்க மாட்டார்கள்.

“இதுக்குக் கீழ எதுனா இருக்கா அக்கா?”

“கீது கீது. ஒட்டினாப்ல ஒண்ணு.”

ஒரு சாண் கீழே சேறு விலகியது. 1907.

கைபேசியை எடுத்துத் தன் வரைபடத்தைப் பார்த்தாள். 1905இல் இறக்கம், 1906இல் இன்னொரு இறக்கம். அப்புறம் ஒரு வருடம் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடந்தது. அந்தப் பெருமழை செய்ததெல்லாம் அவ்வளவுதான். அதன் பிறகு மறுபடி இறக்கம். பாறையிலும் 1908 மூன்றடி கீழே இருந்தது. 1909 அதற்கும் கீழே, அவள் கணுக்காலுக்குப் பக்கத்தில். அதற்கடியில் உளி படாத கரும்பாறை.

எங்கோ ஒருவர் மழைமானியைப் பார்த்துப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். இங்கே வேறு சிலர், அந்த எண்களைக் கண்ணால்கூடப் பார்க்காமல், தண்ணீர் கீழே இறங்கிப் போன திசையில் பாறையை வெட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இரண்டும் ஒரே கோட்டை வரைந்திருந்தன. 1909ஐ உள்ளங்கையால் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. கையை எடுக்கவே தோன்றவில்லை.

“இன்னா மேடம், அழுவுறீங்களா?”

“இல்லக்கா. அஞ்சு வருஷம் விடாம வெட்டியிருக்காங்க. மழை பெஞ்ச வருஷமும் பத்தல.”

சவுரியம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் 1905லிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தது. எத்தனையோ தடவை சேறு அள்ளிய கிணறுதான்.

“அஞ்சு வருசமா? இன்னாத்த துன்னாங்க மேடம்?”

பிரபாவதி பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். டேப்பின் ஒரு முனையைச் சவுரியம்மாளிடம் கொடுத்தாள். இருவரும் ஒவ்வொரு மட்டத்தையும் அளந்தார்கள்.

படங்களையும் அளவுகளையும் சுப்பராயலு வெகுநேரம் பார்த்தார். வரைபடத்தைத் திரையில் பக்கத்திலேயே வைக்கச் சொல்லி மறுபடி பார்த்தார்.

“ரெண்டு வருஷம்னு நான் சொன்னத அடிச்சிடும்மா. கிணத்தையும் அறிக்கையில சேத்துடு.”

அறிக்கை அப்படியே போனது. மிக நீண்ட வறட்சி ஐந்து ஆண்டுகள், நடுவில் வந்த பெருமழையும் அதை முடிக்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதினாள்.

ஐப்பசியில் சுப்பராயலு தாமே கிளியனூருக்கு வந்தார். அதற்குள் நல்ல மழை. கிணற்றில் தண்ணீர் படிகள் வரை ஏறிவிட்டது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. பிரபாவதி எந்த இடத்தில் எந்த வருடம் என்று கைநீட்டிக் காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசிப் படியில் உட்கார்ந்து, அந்தப் பச்சைத் தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.